சோற்றின் மேல் சத்தியம்

எங்கள் விடுதி மெஸ் செகரட்டரி தேர்தலைப் பார்த்தவர்களுக்குச் சட்டசபைத் தேர்தல் சப்பென்று இருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. போன வருஷம் தர்மபுரியில் கல்லூரிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேர்தலில் நான் நின்றேன். நிற்க வேண்டும் என்று திட்டம் போட்டெல்லாம் நிற்கவில்லை. ஒரு கல்லைக் கடித்தேன், அதனால் நின்றேன்.

மதியச் சாப்பாட்டில், சாம்பார் சாதத்தில், கடைவாயில் நறுக்கென்று ஒரு சத்தம். கல்தான் உடைந்தது என்று நினைத்துத் துப்பினால் கல் முழுசாக இருந்தது, என் பல்லின் ஓரம்தான் உடைந்திருந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிவிட்டது. உடைந்த பல் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "இந்த வருசம் செகரட்டரிக்கு நான் நிக்கிறன்டி! யாரு வேணா எதுத்து நில்லுங்க!" என்று கத்தினேன். கூடம் முழுக்கக் கைதட்டல், தட்டில் கரண்டி அடிக்கிற சத்தம். கீழே இறங்கிய பிறகுதான் வலி தெரிந்தது.

மெஸ் செகரட்டரிக்கு என்ன பெரிய அதிகாரம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு அதிகாரம்தான், ஆனால் அது பெரியது. அரிசி வண்டி வந்தால் செகரட்டரி மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவள் சரி என்றால்தான் இறக்குவார்கள். வேண்டாம் என்றால் வண்டி திரும்பிப் போகும். வார்டன் மேடம் அதில் தலையிடுவதில்லை. 'சாப்பிடறது நீங்க, பாக்க வேண்டியதும் நீங்க' என்பது அவர் கட்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருஷா வருஷம் யார் செகரட்டரியாக வந்தாலும் அரிசி மட்டும் அதே மக்கல் வாடையோடு வந்தது. கல் இருந்தது, வண்டு இருந்தது. பிள்ளைகள் பாதித் தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போய் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை ஊர் பஸ்ஸில் ஏறும்போதே எங்கள் வயிறு சிரிக்கும். அந்த வருஷமாவது ஒரு வேளை வயிறார உண்ண முடியுமா என்பதுதான் அந்தத் தேர்தலில் எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி.

என்னை எதிர்த்து நின்றவள் கம்பைநல்லூர் அக்கா. எம்.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவள் கெட்டவள் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவள்தான். முதல் வருஷப் பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுதால் அவள் மடியில்தான் அழும். எனக்கு அவளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை, நிறையப் பிரியம்.

தேர்தலுக்கு முந்தின வாரம் பல் பார்க்க நான் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் இண்டூர், ரொம்பத் தூரமில்லை. திங்கட்கிழமை திரும்பி வந்தபோது ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாவில் எதிரே வந்தவள் துணி காயப்போடுகிற சாக்கில் திரும்பிப் போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறைக்குள் போனால் என் அறைத்தோழி, பென்னாகரத்துக்காரி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பட்டப்பகலில்.

"ஏன்டி, எழவு வூடு மாதிரி இருக்குது? என்னாச்சு?"

"கோவிச்சுக்காத. பிரியாணி சாப்ட்டுட்டம்."

"சாப்ட்டா என்ன? இந்நேரம் செரிச்சிருக்கும்."

"சோத்து மேல சத்தியம் பண்ணிட்டம்டி."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. எங்கள் விடுதிக்கு அரிசி போடுகிற மண்டிக்காரர் சனிக்கிழமை ஒரு அண்டா பிரியாணி அனுப்பியிருக்கிறார். கம்பைநல்லூர் அக்காவின் பிறந்தநாள் என்று பெயர். பிறந்தநாள் நிஜமாகவே அன்றைக்குத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்ததும் வாசனை மாடிவரை போயிருக்கிறது. ஆளுக்கொரு தட்டோடு ஓடி வந்திருக்கிறார்கள். பரிமாறுவதற்கு முன்னால் அக்கா சிரித்துக்கொண்டே, "அண்ணன் ஆசையா அனுப்பிருக்காரு. எனக்கே போடறம்னு இந்தச் சோத்து மேல கை வச்சுச் சொல்லிட்டுச் சாப்புடுங்க" என்றிருக்கிறாள்.

எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள். எங்கள் பக்கம் தேர்தல் என்றால் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். விடுதியில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களிடம் கற்பூரம் செல்லாது. சோறு எல்லாரிடமும் செல்லும். பசித்த வயிற்றோடு, ஆவி பறக்கிற பிரியாணிக்கு மேல் கை வைத்து, விடுதியே சத்தியம் செய்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் போர்வையை உருவி எறிந்தேன். என் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறைகளிலிருந்து பிள்ளைகள் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். எல்லார் முகத்திலும் குற்ற உணர்ச்சி அப்பியிருந்தது.

"சரி, தின்னது தின்னாச்சு. தின்னுட்டு எனக்குப் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். திருடச் சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"சோத்துக்குத் துரோகம் பண்ணச் சொல்றியாக்கா?" என்றாள் ஒரு முதல் வருஷப் பிள்ளை. ஊரில் அவள் அப்பா தையல்கடை வைத்திருந்தார். "ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சா கூட அத மறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான்க்கா எங்க வூட்ல வளத்தாங்க. உனக்குத்தான் போடணும்னு ஆச. ஆனா சத்தியம் பண்ணிட்டனே."

சொல்லிவிட்டு அழுதாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அழுதார்கள். எனக்குத் தலை சுற்றியது. அந்த செமஸ்டரில் எல்லா வருஷத்துக்கும் 'வேல்யூ எஜுகேஷன்' என்று ஒரு பேப்பர் இருந்தது. 'ஊழலை ஒழிக்க மாணவர் பங்கு' என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஜெராக்ஸ் நோட்ஸை மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பேராசையால்தான் ஊழல் வருகிறது என்று நானும் எழுதினேன். இங்கே பேராசைக்காரி ஒருத்திகூட இல்லை. நன்றி மறக்கக் கூடாது, சொன்ன சொல் தவறக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்டிக்காரர் விலைக்கு வாங்கியது அவர்களுடைய நல்ல குணத்தைத்தான். இதை எந்த நோட்ஸிலும் யாரும் எழுதித் தரவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்படின்னா அவளுக்குத் திருப்பிச் சோத்தப் போட்டுட்டு வந்து எனக்கு ஓட்டுப் போடுங்கடி! போங்க எல்லாம்!"

குத்திக்காட்டத்தான் சொன்னேன். வேறு ஊராக இருந்தால் அது குத்தலாகவே போயிருக்கும். இங்கே அப்படிப் போகவில்லை. பென்னாகரத்துக்காரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏய்... போடலாமா?" என்றாள்.

"மொய் மாதிரியா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"மொய் மாதிரிதான். வாங்குனா திருப்பி வெக்கறதுதான மொற? வெச்சிட்டா அதுக்கப்பறம் யாருக்கும் யாரும் கடமைப்பட்டவங்க இல்ல."

அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த கூட்டம் கல்யாண வீட்டுக் கூட்டமாக மாறிவிட்டது. யார் என்ன கொண்டுவருவது என்று ஒரே கூச்சல். நான் கோபத்தில் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். நான் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்லவேளையாக மழை காரணமாகத் தேர்தலைப் பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் எல்லாரும் ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூக்குப்போசியும் டிபன் கேரியருமாக வந்து இறங்கினார்கள். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, கொள்ளு ரசம், அவரைப் பொரியல், மாங்காய் ஊறுகாய், தையல்கடைக்காரர் வீட்டிலிருந்து சேமியாப் பாயசம். சாப்பாட்டுக் கூடத்தில் வாழையிலை போட்டு, கம்பைநல்லூர் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தோம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னடி இது, எனக்கு என்ன வளைகாப்பா?" என்று சிரித்தாள்.

ஒவ்வொருத்தியாக வந்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தார்கள். அக்கா முதலில் ரசித்துத்தான் தின்றாள். களி உருண்டையைக் குழம்பில் புரட்டிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். வரிசை முடியாமல் போனதும் முழித்தாள். போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால், "எங்கம்மா உனக்குன்னே செஞ்சுதுக்கா" என்று கைக்கு மேலேயே ஊற்றினார்கள். கடைசியில் பென்னாகரத்துக்காரி வந்து இலைக்கு எதிரே குந்தினாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. நீ போட்ட பிரியாணிய நாங்க திருப்பி வெச்சிட்டம். இனிமே அந்தச் சத்தியம் கெடையாது. யாரு நல்லாப் பாத்துக்குவாங்கன்னு தோணுதோ அவங்களுக்குப் போடறம். உனக்கும் போடுவம், போடாமலும் இருப்பம்."

அக்காவின் வாயில் பாதிக் களி இருந்தது. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். சண்டை வரப்போகிறது என்று நான் தாவணியை இழுத்துச் செருகுகிற கணக்கில் துப்பட்டாவை இழுத்துக் கட்டினேன். அவள் விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"உங்களுக்குத் தீந்துச்சு. எனக்கு?" என்றாள்.

"உனக்கு என்னக்கா?"

"அவரு மண்டியில அண்டாவ வண்டியில ஏத்தறப்ப என்னையும் சொல்லச் சொன்னாருடி. அரிசி எப்படி வந்தாலும் எறக்கிக்கிறன்னு நானும் அதே சோத்து மேலதான் கை வெச்சன். நான் ஜெயிச்சா அப்படித்தான எறக்கணும்? எனக்கு யாரு திருப்புவாங்க?"

ஒரு சத்தியத்துக்கு மேல் இன்னொரு சத்தியம் இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இவ்வளவு நாள் அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு சிரித்த முகமாகச் சுற்றியிருக்கிறாள். எனக்கு அவள் மேல் இருந்த கடுப்பெல்லாம் போய், மண்டிக்காரர் மேல் மொத்தமாகத் திரும்பியது.

"அவருக்கும் எலையப் போட்டுட வேண்டியதுதான்" என்றேன். இந்த முறை குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். "மெஸ் சாப்பாடு. அவரு அரிசியில."

அடடா, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு அக்காவும் நானும் மண்டிக்குப் போனோம். எதிரெதிராக நிற்கிற இரண்டு பேர் சேர்ந்து போய் அழைத்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை. "இந்தக் காலத்துல இவ்ளோ மரியாதை தெரிஞ்ச புள்ளைங்களா! வரனுங்க அம்மிணி, கண்டிப்பா வரன்" என்றார். வார்டன் மேடமும் நல்ல பழக்கம் என்று சந்தோஷமாகச் சம்மதித்தார். சமையல்கார அம்மாதான் பயந்துபோய், வேறு நல்ல அரிசி கொஞ்சம் வாங்கி ஆக்கட்டுமா என்று கேட்டார். அக்காதான், "அதெல்லாம் வேணாங்க, எப்பவும் போல ஆக்குங்க" என்று சொன்னாள்.

அவர் வெள்ளை வெளேரென்று சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் நாற்காலி, மேசை, தலைவாழை இலை. சுற்றிலும் பெஞ்சுகளில் நாங்கள், எங்களுக்கும் அதே சாப்பாடு. சோற்றை இலையில் கொட்டியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அரிசியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், வாடையிலேயே கண்டுபிடித்திருப்பார். கை இலைக்கு மேல் அப்படியே நின்றது.

"சாப்புடுங்கண்ணா" என்றாள் கம்பைநல்லூர் அக்கா. குரலில் துளி கிண்டல் இல்லை.

விருந்துக்கு வந்து உட்கார்ந்த இலையிலிருந்து எழுந்து போக எங்கள் பக்கத்தில் யாராலும் முடியாது. அது போட்டவர்களின் முகத்தில் துப்புவதற்குச் சமம். சோற்றை மீதம் வைக்கவும் முடியாது. அவர் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பென்னாகரத்துக்காரி விழுந்து விழுந்து உபசரித்தாள். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்கண்ணா. நாங்க தெனமும் சாப்புடறதுதானுங்க." எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது நறுக்கென்று அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த சத்தம். அவர் வாயிலிருந்து கல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு எனக்கும் எங்கோ போய்விட்டது. வயதான மனிதர், தாடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மீதியையும் தின்றார். ஒரு பருக்கை விடாமல் தின்று, இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

கையைக் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்தபடி சமையல்கார அம்மாவிடம், "தெனமும் இப்படித்தான் இருக்குதுங்களா?" என்றார்.

"நீங்க அனுப்பறதுதானுங்க" என்றார் அம்மா.

அவர் கம்பைநல்லூர் அக்காவின் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். "வயிறு நெறஞ்சுதும்மா. நமக்குள்ள இனி ஒண்ணும் இல்ல. அடுத்த வண்டி வந்தா பிரிச்சுப் பாத்து எறக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் வண்டி கேட்டைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். தாண்டியதும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எல்லாரும் குதித்தோம். தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது, அன்றைக்கு யாருக்கும் பசிக்கவில்லை.

தேர்தலில் நான் ஜெயித்தேன், மயிரிழையில்தான். அக்காவுக்கு விழுந்த ஓட்டெல்லாம் அவளுக்காகவே விழுந்தவை, அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்து வந்த அரிசி வெள்ளைப் பூவாக வந்தது. அதற்கடுத்த மாதம் பழைய வாடை எட்டிப் பார்த்தது, வண்டியைத் திருப்பி அனுப்பினேன். மண்டிக்காரர் அப்படியொன்றும் ஞானி ஆகிவிடவில்லை. ஆனால் திருப்பி அனுப்ப என்னால் முடிந்தது. பிள்ளைகள் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள். அதைப் பார்க்கையில் எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருக்கும்.

நான் செகரட்டரியான பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விருந்துச் சாப்பாடு. அன்றைக்கு அப்பளம் வைப்பது செகரட்டரியின் வேலை. ஆளுக்கு ஒன்று, அளந்துதான் பொரிப்பார்கள். கூடையை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி நின்றிருந்தேன். வரிசையில் பென்னாகரத்துக்காரி வந்தாள். தட்டில் ஒன்று வைத்தேன். அவள் நகரவில்லை.

"இன்னொண்ணு வையிடி."

"ஆளுக்கு ஒண்ணுதான்டி."

"அது மத்தவங்களுக்கு. உனக்காக ஓட்டுக் கேட்டு ரூம் ரூமா ஏறி எறங்குனது யாரு?" என்று கண்ணடித்தாள்.

பொய்யில்லை. அவள் இல்லாவிட்டால் நான் ஜெயித்தே இருக்கமாட்டேன். என் கை தானாகக் கூடைக்குள் போய் இரண்டாவது அப்பளத்தை எடுத்துவிட்டது. ஒரு அப்பளம்தானே? பின்னால் தையல்கடைக்காரர் மகள் தட்டோடு நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தாள். அந்த வரிசையில் பாதிப் பேர் போட்டிருந்தார்கள்.

எடுத்த அப்பளத்தைக் கூடையில் போட்டேன். "எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் கொஞ்ச நேரம் தட்டை நீட்டியபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் இருந்த ஒன்றையும் எடுத்துக் கூடையில் திரும்ப வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.